அக்கரைக்குப் போன நாய்கள்

மாடிப்படிக்கு அடியில் இரண்டு நாய்களைப் பத்து நாள் கட்டிப்போட்டால் எதிர்வீட்டுக்காரி என்ன ஆவாள் என்று யாராவது கேட்டால் நான் சொல்லுவேன். அந்தப் படிக்கு எதிரே இருந்தது என் கதவு. கதவைத் திறந்தால் இரண்டு மூக்கு, நாலு கண், ஒரு அலுமினியச் சட்டி. சட்டியில் எலும்பு வேகவைத்த தண்ணீரும் சோறும். நான் சைவம். காலையில் பூ வைத்து விளக்கேற்றி முடிக்கிற நேரத்துக்குச் சரியாக அந்த வாடை உள்ளே வரும். என் வீட்டுக்காரர் ரயில்வே கார்டு, வாரத்தில் பாதி நாள் வெளியூரில். அவருக்கென்ன, புண்ணியவான். அவதி எல்லாம் எனக்கு.

எழுபத்து மூன்றாம் வருஷம், அக்டோபர் மாசம். கோட்டூர்புரத்தில் நாங்கள் இருந்த கட்டடத்தில் எட்டு வீடுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. மேல்வீட்டு மர்சலினம்மாவின் மகள் ஃப்ளோரா மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு வந்தவள், படியடியில் படுத்திருந்த நாயை இருட்டில் மிதித்துவிட்டாள். அது கெண்டைக்காலில் பல்லைப் பதித்துவிட்டது. பெரிய காயமில்லை. ஆனால் ஃப்ளோராவுக்கு ஏழாம் மாசம், தலைப்பிள்ளை. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை.

நாய்க்கடிக்கு அப்போது தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஊசி ஒவ்வொன்றும் இவ்வளவு நீளம் என்று பார்த்தவர்கள் முழங்கையைக் காட்டுவார்கள். பொய்தான், இருந்தாலும் கேட்டவளுக்குத் தூக்கம் வருமா? ஏழு மாச வயிற்றில் அதை எங்கே குத்துவது, உள்ளே இருக்கிற பிள்ளை என்ன ஆகும் என்று ஃப்ளோரா இரவெல்லாம் அழுதாள். மறுநாள் ஆஸ்பத்திரி டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, "மிதிச்சதாலதானே கடிச்சுது? நாய் இருக்கா? அப்போ கட்டி வெச்சுப் பாருங்க. பத்து நாள் நல்லா இருந்தா ஊசி வேண்டாம். நடுவில செத்தாலோ காணாமப் போனாலோ அன்னைக்கே வந்துடணும். அப்புறம் வயிறு கியிறுன்னு பாக்க முடியாது, போட்டுத்தான் ஆகணும்" என்றாராம். சீட்டிலும் ஏதோ எழுதிக் கொடுத்தார்.

கடித்தது எது என்பதுதான் வம்பு. படியடியில் படுப்பவை இரண்டு. ஒரே வயிற்றுப் பிள்ளைகள், இரண்டும் பழுப்பு. ஒன்றுக்கு வால் நுனியில் கொஞ்சம் வெள்ளை, அவ்வளவுதான் வித்தியாசம். இருட்டில் வாலையா பார்க்க முடியும்? மர்சலினம்மா இரண்டையும் துணி காயப்போடுகிற கயிற்றால் கட்டிவிட்டாள்.

அவள் சாந்தோம் பக்கம் ஒரு கான்வென்ட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆயா. புருஷன் காஸ்பர் மயிலாப்பூரில் அச்சாபீசில் கம்பாசிட்டர். இருவரும் வேலைக்குப் போன பிறகு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்க நான் கிளம்புகிறவரை, நாய்கள் இரண்டும் என் தலையில். குரைக்கும், ஊளையிடும், கயிற்றைச் சுற்றிக்கொண்டு இழுபடும். ஃப்ளோரா மட்டும் கீழே இறங்கவே மாட்டாள். மாடி வளைவில் நின்றுகொண்டு, "அக்கா, ரெண்டும் சாப்டுச்சா? வாயில நுரை கிரை இருக்கா பாருங்கக்கா" என்பாள்.

"உனக்கு முன்னாடி எனக்குத்தான் வாயில நுரை வரும். போய்ப் படு" என்பேன்.

வாய்தான் அப்படி. சட்டியில் சோறு மிச்சமிருந்தால் நானும் குனிந்து அதுகளின் வாயைப் பார்ப்பேன்.

பத்தாம் நாள் விடிந்ததும் நானே மேலே போனேன். "மர்சலினம்மா, இன்னைக்குப் பத்து. ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. எல்லா வீட்டுக்காரங்களும் சொல்லிட்டாங்க, இனிமே இந்தக் கட்டடத்துல நாய் ஆகாது. படகுல ஏத்தி அந்தக் கரையில விட்டுடலாம். நானும் அந்த வழியாத்தானே போறேன், ஒரு கயித்தை நான் பிடிச்சுக்கறேன்."

ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற வேண்டாத நாயையும் பூனையையும் நந்தனம் பக்கம் கொண்டுபோய் விடுவது எங்கள் பேட்டையில் வழக்கம். தண்ணீரைத் தாண்டி விட்டால் வழி கண்டுபிடித்துத் திரும்பாது என்பார்கள். அந்தப் பக்கத்துக்காரர்களும் அதையேதான் செய்தார்கள். இந்த இரண்டுமே அங்கிருந்து வந்தவைதானோ என்று எனக்குச் சந்தேகம்.

மர்சலினம்மா விரலை மடக்கி ஒரு தரம் எண்ணினாள். "ஞாயிறு, திங்கள், செவ்வாய்… ஆமா புஷ்பம், பத்து ஆயிடுச்சு. மாதா காப்பாத்திட்டா" என்று நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். நாய்களுக்குக் கடைசிச் சாப்பாடாகக் கறித்துண்டே போட்டாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது, உண்மையைச் சொல்வதற்கென்ன.

மேலே எங்கேயோ நல்ல மழை. ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டுப் போனது. ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக மிதந்து வந்து படகில் இடித்தது. வானம் இன்னும் பெய்யப் போகிற மாதிரி தொங்கியது. ஃப்ளோராவும் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தாள். நாய்கள் அக்கரை போவதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதியாம். பத்தடி தள்ளி ஒரு பூவரச மரத்தடியில் நின்றாள்.

படகோட்டி கபாலிக்கு ஐம்பது வயசிருக்கும். நீளக் கழியை ஊன்றித் தள்ளுகிற படகு அது, இருபது பேர் போகலாம். சைக்கிள் முன்னால், பொம்பளைகள் நடுவில், கரை தட்டுகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. இது அவர் சட்டம்.

"இன்னாம்மா இது? நாய இட்டுகினு வந்துகீறே? என் படவு இன்னா நாய் வண்டியா?" என்றார்.

"ஒரே ஒரு நடைதான் கபாலி. அந்தாண்ட விட்டுட்டு வந்துடறேன்" என்றாள் மர்சலினம்மா.

"இப்டியேதான் எல்லாரும் சொல்றீங்கோ. இந்தாண்ட நாய அந்தாண்ட வுடறது, அந்தாண்ட நாய இந்தாண்ட வுடறது. ரெண்டுக்கும் நான்தான் மாமனா? ஆறு வேற இன்னா வேகத்துல போய்க்கினு கீது பாத்தியா? நடு ஆத்துல ஒண்ணு துள்ளிச்சின்னா அத்தினி பேரும் தண்ணிக்குள்ள."

"மாசமா இருக்கற பொண்ணு பயந்துகிட்டு நிக்கறா பாருங்க" என்று நான் மரத்தடியைக் காட்டினேன். கபாலி ஃப்ளோராவைப் பார்த்தார். வயிற்றையும் பார்த்தார். "சரி, ஏறித் தொலை" என்றார்.

நான் பிடித்திருந்த வெள்ளைவால், வருஷக்கணக்காகப் பாஸ் எடுத்து வைத்திருந்ததைப் போல் ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மற்றது வரவில்லை. நாலு காலையும் சேற்றில் ஊன்றிக்கொண்டு பின்னால் இழுத்தது. தண்ணீரைப் பார்த்தது, உடம்பெல்லாம் நடுங்கியது, தொண்டைக்குள் ஒரு மாதிரி முனகியது. மர்சலினம்மா இழுக்க இழுக்கக் கயிறு கழுத்தில் இறுகி, வாயோரம் எச்சில் வழிந்தது.

படகில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்துரை அண்ணாச்சி எழுந்து நின்றேவிட்டார். தி.நகர் ஜவுளிக்கடையில் வேட்டி செக்‌ஷன் பார்ப்பவர். தினமும் என்னோடு படகில் வருகிறவர். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம்.

"ஏ யம்மா, நிறுத்துங்க. தண்ணியக் கண்டு மெரளுதுலா! வெறி புடிச்ச நாயிதான் இப்படி மெரளும். இதயா படகுல ஏத்துதீய?"

படகு முழுக்கச் சலசலப்பு. "அடிச்சுப் போடுங்கய்யா" என்று ஒருவர் சைக்கிள் பம்பை எடுத்துவிட்டார். நான் மரத்தடியைப் பார்த்தேன். ஃப்ளோரா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். குடை சாய்ந்து மழைத்தூறல் முகத்தில் விழுகிறது, அவள் துடைக்கவில்லை. வயிற்றை மட்டும் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாயக் கழுவுங்க! பத்து நாளா என் கையால சோறு திங்கிற நாய் இது. நல்லா இருக்கு. இத யாராச்சும் தொட்டீங்க…" மர்சலினம்மா சட்டென்று குனிந்தாள். நாயைச் சேற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

கபாலி படகில் தண்ணீர் இறைக்கிற டப்பாவை எடுத்து, ஆற்றுத் தண்ணீரை மொண்டு நாயின் மூக்குக்கு நேரே வைத்தார். நாய் டப்பாவைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. மோந்தது. அப்புறம் நாக்கை நீட்டி நக்கிற்று. சளப் சளப் என்று அரை டப்பாவைக் குடித்து முடித்தது.

"பாத்தியா? வெறி நாய் இப்டி குடிக்குமா? அதுக்கு படவுதான்யா பயம். எங்கூட்டுக்காரிக்குங்கூட பயம்தான். அதுக்குன்னு அவளுக்கு இன்னா, வெறியா புட்ச்சிகீது?" என்று கபாலி நாயை அலாக்காகத் தூக்கி மர்சலினம்மாவின் மடியில் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

படகு நகர்ந்தது. கழி ஊன்றிய இடத்தில் ஆழம் கூடியிருந்தது, கபாலி கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டுத் தள்ளினார். வெள்ளைத்துரை அண்ணாச்சி வெட்கத்தோடு பேச்சுக் கொடுத்தார்.

"கோவிச்சிக்கிடாதீய. புள்ளத்தாச்சின்னு எனக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க. என்னைக்குக் கடிச்சிது?"

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம். இந்த ஞாயிறு இல்ல, போன ஞாயிறு. டாக்டர் பத்து நாள் சொன்னாரு. இன்னையோட பத்து."

அண்ணாச்சி கட்டைவிரலால் கணுக்களைத் தொட்டுக்கொண்டு போனார். முகம் மாறியது. மறுபடி முதலிலிருந்து தொட்டார். "எங்கனம்மா பத்து? ஒம்பதுலா ஆவுது. அதும் சாயங்காலம் வந்தாத்தான் ஒம்பது."

"ஞாயிறு ஒண்ணு, திங்கள் ரெண்டு…"

"கடிச்ச அன்னைக்கேவா ஒண்ணு?"

"பின்ன? ஆண்டவர் வெள்ளிக்கெழமை மரிச்சாரு, ஞாயித்துக்கெழமை உயிர்த்தாரு. மூணாம் நாள்னுதான சொல்றோம்? வெள்ளி ஒண்ணு, சனி ரெண்டு, ஞாயிறு மூணு. நாங்க எப்பவும் அப்டித்தான் எண்ணறது."

"அது சரிதான், கோயில் கணக்க நான் கொற சொல்லல. ஆனா பாருங்க, ஒருத்தரு பத்து மீட்டர் துணி கேக்காரு. பத்தாவது மீட்டர் முடியுத எடத்துலதான கத்திரிய வைக்கணும்? அது தொடங்குத எடத்துல வெட்டினா? டாக்டரு எந்தக் கணக்குல சொன்னாரோ?"

மர்சலினம்மா என்னைப் பார்த்தாள். எனக்குச் சுரீரென்றது. இத்தனை நாள் அவள் விரல் கணக்கு ஒன்றையே நம்பிக்கொண்டு, டாக்டர் சீட்டை ஒருத்தரும் எடுத்துப் பார்க்கவில்லை. நான் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறவள், தேதி எழுத்துப்பிழை எல்லாம் பார்த்துத் திருத்துகிறவள். எனக்கு மட்டும் எங்கே போயிற்று புத்தி? எப்போதடா பத்து ஆகும், எப்போதடா தொலையும் என்று இருந்தேன். அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

"சீட்டு எங்கே?" என்றேன்.

அவள் ஒரு கையால் நாயைப் பிடித்துக்கொண்டு, ரவிக்கைக்குள்ளிருந்து சின்னப் பர்ஸை எடுத்துக் கொடுத்தாள். ஜெபமாலைக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள். பிரித்தேன். டாக்டர் எழுத்துதான், ஆனால் தேதி பளிச்சென்று இருந்தது. பதினேழு, மாலை. அன்று பதினாறு.

"நாளைக்கு!" என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டேன். "மர்சலினம்மா, நாளைக்குச் சாயங்காலம்தான்! விடக் கூடாது!"

அந்த நேரம் பார்த்துப் படகு கரையில் தட்டியது. நின்றுகொண்டிருந்த நான் தடுமாறி அண்ணாச்சியின் தோளைப் பிடித்தேன். சீட்டை விடவில்லை. கயிற்றை விட்டுவிட்டேன். வெள்ளைவால் ஒரே பாய்ச்சலில் கரையில் இருந்தது.

"பிடிங்க! பிடிங்கய்யா!"

யார் பிடிப்பது? சேற்று மேட்டில் ஏறி, குப்பைமேட்டுப் பக்கமாக வாலை ஆட்டிக்கொண்டு அது ஓடியது. குப்பைமேட்டில் அந்தக் கரை நாய்கள் அஞ்சாறு படுத்திருந்தன. ஊர் தெரியாத நாய் உள்ளே நுழைந்தால் விடுமா? எல்லாம் ஒன்றாக எழுந்தன. நான் மேட்டில் ஏறுவதற்குள் அது அடியில் கிடந்தது. மேலே ஒரே பல்லும் புழுதியுமாக இருந்தது.

வெள்ளைத்துரை அண்ணாச்சி செருப்பை விட்டுவிட்டுக் குடையால் விளாசினார். "போ! சவத்து மூதி, போலே!" மர்சலினம்மா படகிலிருந்தே, "சாவடிச்சிடப் போவுது, மாதாவே, ஏதாச்சும் பண்ணுங்களேன்" என்று கதறினாள். அவள் இறங்கினால் மற்றதும் போய்விடும். இறங்க முடியாமல் அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கத்தினாள். இரண்டில் எது கடித்தது என்று தெரியாது. ஒன்று செத்தாலும் பதினாலு ஊசிதான்.

வெள்ளைவால் எப்படியோ பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. காதில் ரத்தம். நேரே தண்ணீருக்கு ஓடியது, விழுந்தது, நீந்தியது. கோட்டூர்புரம் பக்கம்தான் தலையைத் திருப்பியது. ஆனால் ஆறு அதைக் கிழக்கே இழுத்தது. பின்னால் மிதந்த கயிறு ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்றில் மாட்டிக்கொண்டது. கொத்து ஒரு பக்கம் போக, நாய் ஒரு பக்கம் இழுக்க, மூக்கு உள்ளே போனது. மறுபடி வெளியே வந்தது. மறுபடி போனது.

நான் நீச்சல் தெரிந்தவள் இல்லை. யோசித்திருந்தால் இறங்கியிருக்க மாட்டேன். புடவையோடு இறங்கினேன், இடுப்புவரை, பிறகு மார்புவரை. சேறு காலைப் பிடித்தது. "யம்மாடி, குழி கீது, போவாதே!" என்று கபாலி கத்துவது கேட்டது. கொத்து கைக்கு எட்டியது. அதைப் பிடித்து இழுத்துக் கயிற்றை எட்டினேன். இழுத்தேன். நாய் என் மேலேயே ஏறியது. தோளைப் பிறாண்டியது. பயத்தில் அதற்கு நான் யாரென்று தெரியவில்லை. பத்து நாள் என் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்த நாய், என் வலது மணிக்கட்டை வாய் நிறையக் கவ்விக் கடித்தது.

உயிர் போகிற வலி. விடவில்லை. கயிற்றைக் கையில் ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். கபாலி கழியை நீட்டினார், இடது கையால் பிடித்துக்கொண்டேன். அவரும் அண்ணாச்சியும் சேர்ந்து எங்கள் இரண்டு பேரையும் இழுத்துப் படகில் போட்டார்கள்.

கபாலி அந்தக் கரையில் காத்திருந்த யாரையும் ஏற்றவில்லை. "அடுத்த நட, அடுத்த நட" என்று கழியை ஊன்றிவிட்டார். அண்ணாச்சி வெறுங்காலோடு கரையில் நின்று, "கழுவுங்க, நல்லாக் கழுவுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

மர்சலினம்மா என் கையைப் பார்த்துவிட்டு அழுதாள். "என்னால, புஷ்பம். என் பாழாப்போன கணக்கால."

"உங்களால ஒண்ணுமில்ல. பத்து பத்துன்னு மேல வந்து குதிச்சது யாரு? நான்தானே?" என்றேன். சொல்லும்போதே எனக்கும் அழுகை வந்தது. என் வீட்டு வாசல் சுத்தமாக வேண்டும் என்று ஒரு பெண்ணின் வயிற்றைப் பணயம் வைத்திருக்கிறேன். அந்தப் பெண் பூவரச மரத்தடியை விட்டுத் தண்ணீர் ஓரத்துக்கே வந்து நின்றுகொண்டிருந்தாள்.

படகு தட்டியதும் ஃப்ளோரா முதலில் நாய்களைத்தான் பார்த்தாள். இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா என்று. அது நியாயம்தானே. அம்மா சொல்லச் சொல்லக் கேட்டாள். அப்புறம் என் மணிக்கட்டைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் சோப்புத் துண்டை வாங்கினாள். அடிபம்பு பக்கம் என்னை உட்கார வைத்து, தானும் அந்த வயிற்றோடு மெல்ல மெல்லக் குந்தினாள். மர்சலினம்மா பம்பு அடித்தாள். ஃப்ளோரா நுரை வர வரத் தேய்த்துக் கழுவினாள், மறுபடி தேய்த்தாள். கபாலி இரண்டு நாய்களையும் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைவால் தண்ணீரை உதறி அவர் வேட்டியெல்லாம் நனைத்தது, அவர் திட்டவில்லை.

"கால் மணி நேரம் கழுவணும்னு டாக்டர் சொன்னாருக்கா. எரியுதா?"

"எரியுது."

"எனக்கு நாளைக்குச் சாயங்காலம் முடிஞ்சிரும். உங்களுக்குக் கடிச்சது எதுன்னாச்சும் தெரியுது." அவள் சோப்புக் கையோடு விரல்விட்டு எண்ணினாள். இம்முறை நிறுத்தி நிதானமாக. "இன்னைக்கு இல்ல. புதன் ஒண்ணு, வியாழன் ரெண்டு, வெள்ளி மூணு…" ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனாள். "அடுத்த வெள்ளி பத்து. அன்னைக்குச் சாயங்காலம் அவுத்து விட்டுடலாம்க்கா. அதுவரைக்கும் நானே கீழ வந்து சோறு போடறேன்."

மணிக்கட்டில் நாலு பல் பதிந்த இடமும் வெளுத்துக் கிடந்தது. உள்ளே என்ன போயிருக்கிறதோ யாருக்குத் தெரியும்?

"வெள்ளிக்கிழமை வேண்டாம்" என்றேன். "சனி, ஞாயிறும் இருக்கட்டும். திங்கட்கிழமை பாத்துக்கலாம்."

நாய்க் கயிறுகளைக் கபாலியிடமிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.